குத்துச்சண்டை மன்னரை வீழ்த்திய வரி பாக்கி

குத்துச்சண்டை மேடையைக் கண்ணால் பார்த்திராதவர்களும் ஒரு காலத்தில் ஜோ லூயிஸ் பெயரைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

11 ஆண்டு 8 மாதம் அவர் உலக ஹெவிவெயிட் சாம்பியன். அந்தப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள 25 தடவை மேடை ஏறினார். 25 தடவையும் ஜெயித்தார். அவருக்குப் பின் வந்த எந்த ஹெவிவெயிட் வீரரும் அந்தக் கணக்கை எட்டவில்லை.

மலை போன்ற ஆட்களை எல்லாம் சாய்த்த அந்த மனிதரைக் கடைசியில் ஒரு காகிதம் சாய்த்துவிட்டது.

அது வருமான வரி இலாகா அனுப்பிய காகிதம். அதில் கண்ட பாக்கி 5 லட்சம் டாலருக்கு மேல்!

லூயிஸ் பணத்தை ஒளித்து வைத்தவர் அல்ல. வரி மோசடி என்று அவர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. கையில் வந்ததை ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த மனிதர் அவர். பிறகு எப்படி இவ்வளவு பெரிய பாக்கி?

அவருக்குப் பணம் வந்த போதெல்லாம் பலர் தங்கள் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அமெரிக்க சர்க்காரின் வருமான வரியை மட்டும் பிடித்து வைக்க யாரும் இல்லை. பிடிக்காத வரி தன் பணம் அல்ல என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

பருத்திக் காட்டில் பிறந்தவர்

அமெரிக்காவின் தென் பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம். பருத்தி விளையும் பூமி. அங்கே லாஃபயெட் என்ற ஊருக்கு அருகே 1914 மே 13-ல் ஜோ பிறந்தார். ஜோசப் லூயிஸ் பாரோ என்பது முழுப் பெயர். வீட்டில் எட்டுக் குழந்தைகள். ஜோ ஏழாவது பிள்ளை.

தகப்பனார் வாரத்துக்குப் பயிர் செய்தவர். ஜோவுக்கு இரண்டு வயதாகும்போது அவர் புத்தி பேதலித்து மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். தாயார் லில்லி கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பிறகு பேட் புரூக்ஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

1926-ல் குடும்பம் டெட்ராய்ட் நகருக்குப் போயிற்று. மோட்டார் கார் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். தென் பகுதியின் நிறவெறிக்குத் தப்பி, வேலை தேடி, ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் அங்கே போய்க்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் மூன்றே ஆண்டில் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. தொழிற்சாலைகள் ஆட்களை வெளியே அனுப்பின. புரூக்ஸ் குடும்பம் நகராட்சியின் நிவாரணப் பணத்தை வாங்கிச் சாப்பிட வேண்டியதாயிற்று.

ஜோவுக்குப் படிப்பு ஏறவில்லை. தச்சு வேலை கற்றுத்தரும் தொழிற்பள்ளியில் சேர்த்தார்கள். பிள்ளை பிடில் வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று தாயார் ஆசைப்பட்டார். அதற்கென்று வாரா வாரம் சில்லறை கொடுப்பார். ஜோ அந்தக் காசைக் குத்துச்சண்டைக் கூடத்தில் கட்டிவிட்டு, பிடில் பெட்டிக்குள் கையுறைகளை ஒளித்துக்கொண்டு போவார் என்று அமெரிக்காவில் கதை கதையாகச் சொல்வார்கள்.

1934 ஜூலை 4-ந் தேதி சிகாகோவில் அவர் முதல் முறையாகப் பணத்துக்குச் சண்டை போட்டார். முதல் ரவுண்டிலேயே எதிரி தரையில். அன்று கிடைத்த பணம் 59 டாலர்.

மூன்று பேர் அவரை உருவாக்கினார்கள். மானேஜர்கள் ஜான் ராக்ஸ்பரோ, ஜூலியன் பிளாக். பயிற்சி கொடுத்தவர் பழைய வீரர் ஜாக் பிளாக்பர்ன். மூவரும் கறுப்பர்கள். பந்தயங்களை ஏற்பாடு செய்து டிக்கெட் விற்றவர் நியூயார்க்கைச் சேர்ந்த மைக் ஜேக்கப்ஸ். வெளி உலகத்துக்கு ஜோவைப் பெரிய ஆளாகக் காட்டியவரும் ஜேக்கப்ஸ்தான். பிற்காலத்தில் அவரைக் கடன்காரராக நிறுத்தியவரும் ஜேக்கப்ஸ்தான்.

இரண்டு நிமிஷம் நாலு விநாடி

1935-ல் முன்னாள் சாம்பியன்களான பிரைமோ கார்னெரா, மாக்ஸ் பேயர் இருவரையும் ஜோ வீழ்த்தினார். பேயரோடு சண்டை நடந்த அன்றே மார்வா டிராட்டர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அதன் பிறகு மேடைக்குப் போனார்!

1936 ஜூனில் ஒரு சறுக்கல். ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் ஷ்மெலிங் 12-வது ரவுண்டில் அவரை வீழ்த்தினார். ஹிட்லர் கட்சியினர் அதைத் தங்கள் இனத்தின் வெற்றி என்று கொண்டாடினார்கள்.

அடுத்த ஆண்டு, 1937 ஜூன் 22-ல், ஜேம்ஸ் பிராடக்கை வென்று ஜோ உலகச் சாம்பியன் ஆனார். சரியாக ஓராண்டு கழித்து, 1938 ஜூன் 22-ல், நியூயார்க் யாங்கி மைதானத்தில் ஷ்மெலிங்கை மறுபடியும் சந்தித்தார். 70 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் ரேடியோ முன் உட்கார்ந்திருந்தார்கள்.

சண்டை 2 நிமிஷம் 4 விநாடியில் முடிந்தது. ஷ்மெலிங் தரையில் கிடந்தார்.

அன்று இரவு கறுப்பர்கள் வாழும் தெருக்களில் எல்லாம் திருவிழா. வெள்ளையர்களும் ஒரு கறுப்பு வீரரைத் தங்கள் நாட்டு வீரர் என்று கொண்டாடினார்கள். அந்த நாட்டில் அது சின்ன விஷயம் அல்ல.

பணம் கொட்டியது. ஜோவும் கொட்டினார். தாயாருக்கு வீடு வாங்கிக் கொடுத்தார். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார். பழைய நண்பர்களை ஒரு சாப்ட்பால் குழுவாகச் சேர்த்து ஊர் ஊராக அனுப்பி, செலவை எல்லாம் தானே ஏற்றார். ஓட்டல் வைத்தார், ஓடவில்லை. மானேஜர்கள், ஏற்பாட்டாளர்கள், தொங்கிக்கொண்டிருந்தவர்கள் என்று ஒரு கூட்டமே அவர் உழைப்பில் வாழ்ந்தது.

ஒரு காரியத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தன் குடும்பம் பட்டினி நாளில் டெட்ராய்ட் நகராட்சியிடம் வாங்கிச் சாப்பிட்ட நிவாரணப் பணத்தை அவர் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கட்டினார். அது கடன் அல்ல, தர்மம். யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை. சர்க்கார் பணத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் அல்ல ஜோ லூயிஸ் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

சீட்டில் இல்லாத வரி

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வருமான வரி கட்டிய முறை வேடிக்கையானது. இந்த ஆண்டு சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டு மார்ச் 15-ல் கணக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு நாலு தவணையாகக் கட்டலாம். சம்பளத்தில் மாதா மாதம் பிடிக்கும் வழக்கம் கிடையாது. 1937 முதல் முதியோர் பென்ஷனுக்காக நூற்றுக்கு ஒரு டாலர் பிடித்தார்கள். வருமான வரிக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

வரி கட்டியவர்கள் கொஞ்சம் பேர் என்பதால் அந்த முறை ஓடியது. 1939-ல் வரி கட்டியவர்கள் சுமார் 40 லட்சம் பேர்தான். போர் வந்தது, வரியை உயர்த்தினார்கள், சாமானியத் தொழிலாளிகளையும் வரிக்குள் கொண்டுவந்தார்கள். 1945-ல் அந்த எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டிவிட்டது. ஒழுங்காக வரி கட்டுங்கள் என்று ஜனங்களுக்குப் புத்தி சொல்ல, கஜானா இலாகா 1942-ல் வால்ட் டிஸ்னியைப் பிடித்து டொனால்டு டக் வாத்தை வைத்து ஒரு கார்ட்டூன் படமே எடுத்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பாதித்த ஆண்டு ஒன்று, வரி கேட்கும் ஆண்டு வேறு. இடையில் வேலை போனால்? சம்பளம் குறைந்தால்? பணம் செலவாகிவிட்டால்?

இந்தக் கேள்விகளுக்கு வழி சொன்னவர் பியர்ட்ஸ்லி ரம்ல். நியூயார்க்கில் மேசி என்ற பெரிய பலசரக்கு மாளிகையின் பொருளாளர். நியூயார்க் ரிசர்வ் பாங்கியின் தலைவராகவும் இருந்தவர். சம்பாதிக்கும்போதே வரியைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவர் யோசனை. பழைய ஆண்டு வரியையும் புது ஆண்டு வரியையும் ஒரே சமயத்தில் கட்டச் சொன்னால் ஜனங்கள் தாங்க மாட்டார்கள். ஆகவே பழைய ஆண்டு வரியைத் தள்ளிவிடலாம் என்றும் அவர் சொன்னார். பெரிய சர்ச்சை நடந்தது. முடிவில் ஓராண்டு வரியில் முக்கால் பங்கைத் தள்ளுவது என்று சமரசம் ஆயிற்று. 1943 ஜூன் 9-ல் சட்டம் நிறைவேறியது. ஜூலை 1 முதல் சம்பளச் சீட்டில் வருமான வரிப் பிடித்தம் என்று ஒரு புதுக் கட்டம் வந்தது. விலக்குப் போக மீதிச் சம்பளத்தில் சுமார் 20 சதவிகிதம் பிடித்தார்கள்.

முதலாளி பிடிக்கிறார், கஜானாவில் கட்டுகிறார், ஆண்டு முடிவில் தொழிலாளிக்கு ஒரு சீட்டுக் கொடுக்கிறார். அந்தச் சீட்டுக்கு டபிள்யூ-2 என்று பெயர். கூடப் பிடித்திருந்தால் பணம் திரும்பி வரும். குறைவாகப் பிடித்திருந்தால் தொழிலாளி கட்ட வேண்டும்.

இந்த வலையில் அகப்படாதவர்களும் இருந்தார்கள். பண்ணைக் கூலிகள், வீட்டு வேலைக்காரர்கள், பாதிரிமார்கள், பட்டாளத்துச் சிப்பாய்கள் ஆகியோரின் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கும் இல்லை. அவர்கள் தாங்களே உத்தேசமாகக் கணக்குப் போட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டும்.

குத்துச்சண்டை வீரர் யாருடைய சம்பளக்காரரும் அல்ல. பந்தயப் பணம் சம்பளம் அல்ல. அப்போது ஜோ லூயிஸ் பட்டாளத்தில் சிப்பாய். போர் முடிந்தால் மறுபடியும் பந்தய வீரர். எந்தப் பக்கம் போனாலும் அவருக்குப் பிடித்தம் கிடையாது!

இந்தக் குழப்பம் அந்தக் காலத்தோடு போய்விடவில்லை. இன்றும் அமெரிக்காவில் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பென்ஷன் பிடித்தம் இருக்கிறது, வருமான வரிக் கட்டத்தில் மட்டும் சைபர் இருக்கிறதே என்று விழிக்கிறவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் டபிள்யூ-4 என்ற படிவம். வேலையில் சேரும்போது தொழிலாளியே பூர்த்தி செய்து கொடுப்பது அது. போன ஆண்டு வரி இல்லை, இந்த ஆண்டும் இராது என்கிறவர்கள் மட்டும் விலக்குக் கேட்கலாம். அந்தத் தகுதி இல்லாதவர் தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டால் முதலாளி ஒன்றும் பிடிக்க மாட்டார். சம்பளமே குறைவாக இருந்தாலும் சைபர்தான். 2020-ல் அந்தப் படிவத்தையே மாற்றி, விலக்கு எண்ணிக்கை என்ற பழைய கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறவர் பாடு இன்னும் மோசம். அவரிடம் வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முதலாளியும் முழுக் கழிவையும் கொடுத்துவிடுகிறார். இரண்டு சீட்டிலும் பிடித்தம் சொற்பம். ஆண்டு முடிவில் இரண்டு சம்பளத்தையும் கூட்டினால் வரி வந்து நிற்கும். தொழிலாளியைக் காண்டிராக்டுக்காரர் என்று எழுதிக்கொள்ளும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அங்கே பிடித்தம் என்ற பேச்சே இல்லை. எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். முதலாளி பிடிக்க மறந்தாலும் வருமானம் யாருடையதோ வரியும் அவருடையது. சீட்டைப் பார்த்த உடனே புதுப் படிவம் எழுதிக் கொடுத்துக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். அல்லது தவணை தவறாமல் தானே கட்டிவிடலாம். ஆண்டு முடியும் வரை காத்திருந்தால் வட்டியும் சேரும்.

ஜோ லூயிஸ் ஓர் ஆண்டு அல்ல, பல ஆண்டு காத்திருந்தார். கணக்கு எழுதும் வேலை மற்றவர்கள் கையில் இருந்தது. மேடையில் ஜெயிப்பது தன் வேலை, காகிதம் பார்ப்பது அவர்கள் வேலை என்று அவர் இருந்துவிட்டார்.

கொடுத்த பணத்துக்கும் வரி

போர் தொடங்கியதும் அவர் செய்த தியாகம்தான் இந்தக் கதையில் மனத்தை உறுத்தும் பகுதி.

1942 ஜனவரி 9-ல் நியூயார்க்கில் படி பேயருடன் பட்டப் போட்டி. தன் பங்காக வந்த சுமார் 47 ஆயிரம் டாலரைக் கடற்படைக் குடும்பங்களின் நிவாரண நிதிக்கு அப்படியே கொடுத்தார். அந்தக் கடற்படை அப்போது கறுப்பர்களைச் சமையல் வேலைக்கும் எடுபிடி வேலைக்கும்தான் சேர்த்துக்கொண்டிருந்தது! மறுநாளே பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர மனுக் கொடுத்தார். மாதச் சம்பளம் 21 டாலர். மார்ச் 27-ல் ஏப் சைமனோடு இன்னொரு பட்டப் போட்டி. அதில் வந்த சுமார் 36 ஆயிரம் டாலர் ராணுவ நிவாரண நிதிக்குப் போயிற்று.

இரண்டு போட்டியிலும் அவர் ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிற்பாடு வரி இலாகா அந்த இரண்டு தொகையையும் அவருடைய வருமானத்தில் சேர்த்துவிட்டது.

சட்டம் அப்படி இருந்தது. பணம் முதலில் அவருக்கு வருமானம்; பிறகு அவர் அதை தானம் செய்கிறார். தானத்துக்குக் கழிவு உண்டு. ஆனால் அன்றைய சட்டப்படி வருமானத்தில் 15 சதவிகிதத்துக்கு மேல் கழிக்க முடியாது. பணத்தை அவர் பெயருக்கு வரவிடாமல், நேரே நிதிக்குப் போகும்படி யாராவது பத்திரம் எழுதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும் அந்த யோசனையைச் சொல்ல ஒருவரும் இல்லை.

நாலு ஆண்டு போர்க் காலத்தில் அவர் சுமார் 20 லட்சம் சிப்பாய்கள் முன்னால் காட்சிச் சண்டைகள் நடத்தினார். வெள்ளையருக்கு ஓர் இடம், கறுப்பருக்கு ஓர் இடம் என்று பிரித்து உட்கார வைத்த காட்சிகளில் சண்டை போட மறுத்தார். பிற்காலத்தில் பேஸ்பால் ஆட்டத்தில் புகழ் பெற்ற ஜாக்கி ராபின்சன் போன்ற கறுப்பு வாலிபர்களுக்கு அதிகாரிப் பயிற்சியில் இடம் கிடைக்கவும் உதவினார். 1945-ல் லீஜன் ஆப் மெரிட் என்ற உயர்ந்த விருது கொடுத்து அவரை அனுப்பினார்கள்.

வெளியே வந்தபோது மேடைக்குப் போட்ட உடம்பு கனத்திருந்தது. மடி காலியாக இருந்தது. ஜேக்கப்ஸ் தனக்கு 2½ லட்சம் டாலர் வர வேண்டும் என்றார். வரி பாக்கி 1 லட்சம் டாலருக்கு மேல் இருக்கும் என்று பேச்சு. மார்வா விவாகரத்து வாங்கியிருந்தார்.

ஆறு லட்சம் போன வழி

1946 ஜூன் 19-ல் பில்லி கானோடு மறு போட்டி. டெலிவிஷனில் காட்டப்பட்ட முதல் ஹெவிவெயிட் பட்டப் போட்டி அது. வசூல் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். ஜோ எட்டாவது ரவுண்டில் ஜெயித்தார். அவருக்குச் சேர வேண்டிய பங்கு சுமார் 6 லட்சம் டாலர்.

அந்தப் பணத்தின் கணக்கைப் பாருங்கள். மானேஜர்களுக்கு 1,40,000. முன்னாள் மனைவிக்கு 66,000. நியூயார்க் மாநில வரி 30,000. மீதி 3,64,000 டாலர். அதிலும் கடன்காரர்கள் காத்திருந்தார்கள்.

அந்தப் பிடித்தங்களில் மத்திய சர்க்காரின் வருமான வரி என்று ஒன்று இல்லை! அந்த ஆண்டு விகிதப்படி 2 லட்சம் டாலரைத் தாண்டிய வருமானத்தில் ஒவ்வொரு டாலருக்கும் 80 சென்டுக்கு மேல் வரி. எல்லாரையும்விடப் பெரிய பங்காளி அன்று சந்தடியில்லாமல் ஒதுங்கி நின்றார். தன் கையில் இருந்தது அவருடைய பணம் என்பதை ஜோ உணரவில்லை.

அதே வாரம் டெட்ராய்ட் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு சாதாரணத் தொழிலாளியின் சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டிருந்தது. மார்ச் மாதத்தை நினைத்து அவன் பயப்பட வேண்டிய அவசியம் இல்லை. உலகச் சாம்பியனுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது.

1949 மார்ச் 1-ல் தோல்வி காணாத சாம்பியனாகவே ஜோ ஓய்வு பெற்றார். வயது 34. இனி நிம்மதி என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். இலாகா அவருடைய பழைய கணக்குகளை எல்லாம் தோண்டித் தணிக்கை செய்தது. 1950 மே மாதம் முடிவு வந்தது. வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 5 லட்சம் டாலருக்கு மேல்.

வட்டி குட்டி போட்டது

ட்ரூமன் கிப்சன் என்ற கறுப்பு வழக்கறிஞர் ஜோவுக்காக இலாகாவோடு பேசினார். ஒரே வழிதான் தெரிந்தது. ஜோ மறுபடியும் மேடை ஏற வேண்டும். செலவு போக வருவது எல்லாம் வரிக்கு.

1950 செப்டம்பர் 27-ல், 36-வது வயதில், புதுச் சாம்பியன் எசார்டு சார்லஸ் முன் போய் நின்றார். 15 ரவுண்டு அடி வாங்கித் தோற்றார். கிடைத்தது 1,00,458 டாலர்.

ஒரு லட்சம் என்றால் கடனில் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை.

அன்று வரி பாக்கிக்கு வட்டி நூற்றுக்கு 6. பாக்கி 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் வட்டி மட்டும் ஆண்டுக்கு 30 ஆயிரம் டாலர். 1950-களின் தொடக்கத்தில் மனைவி இல்லாத ஒருவருக்கு 1 லட்சம் டாலர் வருமானம் வந்தால் அந்த ஆண்டு வரியாகவே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மீதி 33 ஆயிரம். அதில் வட்டி 30 ஆயிரம். அசலில் குறைவது 3 ஆயிரம்! அதுவும் அவர் அந்த ஆண்டு முழுவதும் சாப்பிடாமல் இருந்தால்.

சாப்பிட வேண்டியிருந்தது. அதனால் அசல் குறையவில்லை, வளர்ந்தது.

1951 அக்டோபர் 26-ல் ராக்கி மார்சியானோ என்ற இளம் வீரர் எட்டாவது ரவுண்டில் ஜோவைக் கயிறுகளுக்கு வெளியே அடித்துத் தள்ளினார். மார்சியானோவுக்கு ஜோ சிறு வயது முதல் தெய்வம். ஜெயித்த பிறகு தோற்றவரின் அறைக்குப் போய்க் கண் கலங்கினார். ஜோ அதன் பிறகு மேடை ஏறவில்லை.

1953-ல் தாயார் காலமானார். மகனுக்கு அவர் எழுதி வைத்தது 667 டாலர். அதையும் இலாகா எடுத்துக்கொண்டது.

1955-ல் ஜோ ரோஸ் மார்கன் என்ற அழகுப் பொருள் வியாபாரியை மணந்தார். மனைவியோடு டெலிவிஷன் வினா விடைப் போட்டிக்குப் போய், கிடைத்ததை வரிக்குக் கொடுத்தார். 1956-ல் வேறு வழியில்லாமல் மல்யுத்தக் காட்சிகளில் இறங்கினார். உலகச் சாம்பியனாக இருந்தவர், முடிவு முன்கூட்டியே தெரிந்த அந்த வேடிக்கைச் சண்டைகளில் டிக்கெட்டுக்காக நிற்பதைப் பார்த்து ரசிகர்கள் வருந்தினார்கள். அங்கேயும் விலா எலும்பில் அடிபட்டு விலக வேண்டியதாயிற்று. ரோசோடு வாழ்க்கையும் நீடிக்கவில்லை.

1950-களின் முடிவில் பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

ஒரு கணக்கை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் அவருடைய பந்தயங்களில் அவர் பெயரில் வந்த பணம் சுமார் 46 லட்சம் டாலர். அதில் அவர் கைக்கு எட்டியது சுமார் 8 லட்சம். கைக்கு வந்ததைவிடக் கடன் பெரிதாகிவிட்டது!

இதை இலாகாவின் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இலாகா சட்டப்படி நடந்தது. அதிகாரிகள் யாரும் ஒரு காசைச் சொந்தப் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் பணம் எந்த நாளில் கையில் இருந்ததோ அந்த நாளில் கேட்காமல், எல்லாம் தீர்ந்த பிறகு வட்டியோடு கேட்டது. நாட்டுக்காக நிதி திரட்டிக் கொடுத்த ஆளிடம் அப்படிக் கேட்டதுதான் ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகைகள் எழுதின. வரியைத் தள்ளிவிடு என்று குரல் எழுந்தது.

1959-ல் ஜோ மார்த்தா ஜெபர்சன் என்ற வழக்கறிஞரை மணந்தார். கணவரின் காகிதங்களை உட்கார்ந்து படித்துப் பார்க்கத் தெரிந்த மனைவி அவருக்கு 44-வது வயதில்தான் கிடைத்தார். 1960-களின் தொடக்கத்தில் இலாகா இறங்கி வந்தது. அந்தந்த ஆண்டு வருமானத்துக்குத் தக்கபடி வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு ஆயிற்று. பழைய மலையை யாரும் தூக்கி எறியவில்லை. ஆனால் ஏறச் சொல்வதை நிறுத்தினார்கள்.

பகைவன் கொடுத்த பணம்

கடைசிக் காலம் சுகமாக இல்லை. யாரோ தன்னை விஷப் புகை வைத்துக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற பயம் பிடித்துக்கொண்டது. 1970-ல் டென்வர் ஆஸ்பத்திரியில் மனநோய்ச் சிகிச்சை பெற்றார். பிறகு லாஸ் வேகாஸ் நகரில் சீசர்ஸ் பேலஸ் என்ற பெரிய ஓட்டலில் வேலை. வருகிறவர்களோடு கை குலுக்கி, பேசி, போட்டோவுக்கு நிற்க வேண்டும். அதைக் கேவலம் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் ஜோவுக்கு மனிதர்களைப் பிடிக்கும். அந்த வேலையும் பிடித்திருந்தது.

1977-ல் இருதயத்துக்கு அருகே பெரிய ஆபரேஷன். பாடகர் பிராங்க் சினாட்ரா செலவுக்கு உதவினார். அதன் பிறகு சக்கர நாற்காலிதான்.

1981 ஏப்ரல் 11-ல் லாஸ் வேகாசில் நடந்த லாரி ஹோம்ஸ் பட்டப் போட்டிக்கு வந்திருந்தார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மறுநாள் மாரடைப்பில் இறந்தார். வயது 66.

ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் இடம் பெறுவதற்கான விதிகளுக்குள் அவர் வரவில்லை. ஜனாதிபதி ரீகன் அவருக்காக விதியைத் தளர்த்தினார். ஏப்ரல் 21-ல் ராணுவ மரியாதையோடு அங்கே அடக்கம் செய்தார்கள்.

அடக்கச் செலவில் ஒரு பகுதி ஜெர்மனியிலிருந்து வந்தது. அனுப்பியவர் மாக்ஸ் ஷ்மெலிங். 1938-ல் இரண்டு நிமிஷத்தில் ஜோவிடம் தோற்றவர், போருக்குப் பின் வியாபாரத்தில் செழித்தார். அமெரிக்கா வந்து பழைய எதிரியைத் தேடிப் பிடித்து நண்பர் ஆனார். முடை வந்த போதெல்லாம் பணம் கொடுத்து உதவினார். ஷ்மெலிங் 2005-ல், 99-வது வயதில், ஜெர்மனியில் காலமானார்.